கோழிக்கூட்டுல செவப்புப் பேன், வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க

நமக்கு செங்கோட்டை பக்கம் புளியரை. 12 நாட்டுக்கோழி, பலகைக் கூடு. சாரல் ஆரம்பிச்சு 3 வாரமா சாயங்காலம் கூட்டுக்குள்ள போகவே மாட்டேங்குது, பிடிச்சு விட்டாலும் விடியவிடிய உடம்பைக் கொத்திக்கிட்டே கெடக்கு. பகல்ல ஒண்ணும் தெரியல, ராத்திரி டார்ச் அடிச்சா பலகை இடுக்குல இருந்து கடுகைவிட சின்னதா செவப்பா ஊருது, நசுக்குனா ரத்தம். கொண்டை வெளிறிட்டு, முட்டை பாதியாயிட்டு, ஒரு அடைக்கோழி 9 நாள்ல முட்டைய விட்டுட்டு எந்திரிச்சிட்டு, அதான் மனசே ஆறல.

வேப்பிலைப் புகை, மஞ்சத்தூள், சாம்பல் எல்லாம் பாத்தாச்சு, ரெண்டு தடவை சுண்ணாம்பும் அடிச்சேன், நாலு நாள் கொறைஞ்சு திரும்ப வருது. கடைல குடுத்த ஸ்ப்ரேய கோழி மேல மட்டும் அடிச்சோம், கூட்டுல அடிக்கல, பிள்ளைங்க சாப்பிடுத முட்டைல்லா.

இப்ப இன்னொன்னு 11 முட்டையோட அடையில இருக்கு, அதை எழுப்பாம பலகை இடுக்குல இருக்க பேனை ஒழிக்க என்ன அடிக்கலாம்?