கார்சியா சகோதரிகள்: அகதிக் கதையா, வசதி இழந்த வீட்டுக் கதையா?

நூலகப்பூனை:
ஜூலியா அல்வாரெஸின் ‘ஹவ் த கார்சியா கேர்ள்ஸ் லாஸ்ட் தெயர் ஆக்சென்ட்ஸ்’ (1991) நாவலைப் படித்து முடித்தேன். டொமினிக்கன் குடியரசிலிருந்து 1960-இல் நியூயார்க்குக்குத் தப்பி வரும் குடும்பம், நான்கு மகள்கள். அகதித் துயரம் என்று ஆளாளுக்கு உருகுகிறார்கள். எனக்கென்னவோ ஒட்டவில்லை. சமைக்க ஒருவர், பிள்ளைகளைப் பார்க்க ஒருவர் என்று ஆட்கள் வைத்திருந்த பெரிய வீடு அது. போனது அந்தச் சொகுசு.

தேன்மொழி:
சொகுசு மட்டுமா? அப்பா கார்லோஸ், சர்வாதிகாரி ட்ருஹியோவுக்கு எதிரான சதியில் இருந்தவர். ரகசிய போலீஸ் வந்தபோது அலமாரிக்குப் பின்னால் மறைவறையில் ஒளிந்தவர். அந்தப் பயம் அமெரிக்காவிலும் அவரை விடவில்லை. மகள் யோலாண்டா பள்ளி விழாவில் பேச ஓர் உரை எழுதுகிறாள். அமெரிக்கக் கவிஞர் விட்மனைப் படித்த சூடு. ஆசிரியரை மிஞ்சுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்கிற தொனி. அப்பா அதைக் கிழித்தெறிகிறார். அவள் ‘சாபிட்டா’ என்று கத்துகிறாள். ட்ருஹியோவை வெறுத்தவர்கள் வைத்த பட்டப்பெயர்! எவனிடமிருந்து தப்பி வந்தாரோ அவனாகவே அவரை மகள் பார்க்கிறாள். இதை வெறும் பணக்கார வீட்டுச் சண்டை என்று எப்படிச் சொல்வீர்கள்?

நூலகப்பூனை:
அருமையான இடம், மறுக்கவில்லை. ஆனால் விழாவில் அவள் வாசித்தது அம்மாவோடு சேர்ந்து அவசரமாக எழுதிய புகழுரைதானே? பிறகு அப்பா தட்டச்சு இயந்திரம் வாங்கித் தந்து சமாதானம் செய்கிறார். அப்புறம் கடைக்குட்டி ஃபிஃபியின் காதல் கடிதங்களைக் குடைந்து படித்துச் சண்டை போடுகிறாரே, அதற்கும் ட்ருஹியோதான் காரணமா? எந்த ஊரிலும் இருக்கிற அப்பா புத்திதான்.

இன்னொன்று, சுச்சா. 1937-இல் ட்ருஹியோ ஹைத்தியர்களைக் கொன்று குவித்தபோது அந்த வீட்டில் அடைக்கலம் கேட்டு வந்த ஹைத்தியப் பெண். உண்மையான அகதி அவள். குடும்பம் விமானம் ஏறுகிறது, காலி வீட்டில் அவள் நிற்கிறாள். அவள் குரலுக்குக் கிடைப்பது சில பக்கங்கள்.

அரவிந்த்:
சுச்சா விஷயத்தில் பூனை சொல்வது சரி. ஆனால் இருவருமே அம்மா லாராவை விட்டுவிட்டீர்கள். தீவில் அவள் செல்வாக்கான குடும்பத்துப் பெண். நியூயார்க்கில் இரவெல்லாம் உட்கார்ந்து புதுப்புதுச் சாதனங்களுக்குப் படம் வரைகிறாள். அவள் யோசித்து வைத்த சக்கரம் வைத்த பெட்டி ஒருநாள் பத்திரிகையில் வேறு யாரோ கண்டுபிடித்ததாக விளம்பரமாகிறது. அப்படியும் ஊர் திரும்ப அவளுக்கு மனமில்லை. அங்கே பெரிய வீட்டு அடிமையாக இருப்பதைவிட இங்கே யாருக்கும் தெரியாதவளாகச் சொந்தக் காலில் நிற்பது மேல் என்கிறாள். சொகுசை இழந்த சோகம்தான் கதை என்றால் இவளை எங்கே வைப்பீர்கள், பூனை?

நூலகப்பூனை:
அதே லாராதான் கோடை விடுமுறைக்கு மகள்களைத் தீவுக்கு அனுப்புகிறாள், அங்கேயே மாப்பிள்ளை அமையட்டும் என்று. தனக்கு ஒரு நியாயம், பெண்களுக்கு ஒரு நியாயம்!