ஃப்ளேர் ஹெடரைக் காற்றை வைத்துச் சோதிக்கலாமா?

பைப்பிங்காரன்: 24 அங்குல ஃப்ளேர் ஹெடர் (ஆலையின் வேண்டாத வாயுவை எரிக்கும் கோபுரத்துக்குக் கொண்டுபோகும் பெரிய குழாய்), 600 மீட்டர். ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துச் சோதிப்பது) என்றுதான் முதலில் முடிவானது. இப்போது ஒப்பந்தக்காரர் 5 பார் அழுத்தத்தில் காற்றை வைத்தே முடித்துவிடலாம், நாள் மிச்சம் என்கிறார். உங்கள் கருத்து?

தெற்குக்காற்று: தாராளமாகச் செய்யலாம். தண்ணீர் நிரப்பினால் அந்தக் குழாயில் 160 டன்னுக்கு மேல் ஏறும். வாயு போகும் லைனுக்குப் போட்ட சப்போர்ட் அதைத் தாங்குமா? அப்புறம் அந்தத் தண்ணீரை வடித்து, உலர்த்தி, அடியில் தேங்கியது துருப்பிடிக்காமல் பார்த்து... யாருக்கு இந்த வேலை? ஆலைக் குழாய்களுக்கான விதித்தொகுப்பு, ஏஎஸ்எம்இ பி31.3, நியூமேட்டிக் டெஸ்ட்டை (காற்றில் சோதிப்பதை) அனுமதிக்கத்தான் செய்கிறது.

கேஜ்_பார்ப்பவன்: அனுமதிக்கிறது, ஆனால் தண்ணீரில் சோதிக்க வழியில்லை என்று உரிமையாளர் கருதினால்தான். நாள் மிச்சம் என்பது அதற்குக் காரணமாகாது. கணக்கைப் பாருங்கள். 600 மீட்டருக்கு சுமார் 164 கன மீட்டர் கொள்ளளவு. 5 பாரில் அடைத்த காற்றில் ஏறத்தாழ 98 மெகாஜூல் சக்தி இருக்கும். டிஎன்டி வெடிமருந்துக் கணக்கில் 23 கிலோ. அதே அழுத்தத்தில் தண்ணீருக்குள் சேர்வது வெறும் 9 கிலோஜூல். தண்ணீர் அமுங்காது, ஒரு வெல்டு விட்டாலும் கொஞ்சம் பீய்ச்சிவிட்டு அழுத்தம் உடனே விழுந்துவிடும். காற்று விரிந்துகொண்டே போகும், குழாயையும் அதன் முனையை அடைக்கும் பிளைண்டையும் தூக்கி எறியும்.

தெற்குக்காற்று: சார், 5 பார்தானே! லாரி டயரில் அதைவிட அதிகமாக அடிக்கிறார்கள். பயமுறுத்தாதீர்கள்.

கேஜ்_பார்ப்பவன்: டயரின் கொள்ளளவு என்ன, இதன் கொள்ளளவு என்ன? அழுத்தத்தை மட்டும் பார்த்து ஆபத்தை அளக்கக் கூடாது. 2009-இல் ஷாங்காய் எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) முனையத்தில் காற்றை வைத்துச் சோதித்தபோது குழாய் வெடித்து ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். அங்கே அழுத்தம் இதைவிடப் பல மடங்கு என்பது உண்மை. ஆனால் நம் ஹெடரில் இருப்பதும் ஆளைக் கொல்லப் போதும்.

தெற்குக்காற்று: எரிவாயுக் குழாய்களுக்கான அமெரிக்க விதி, 49 சிஎஃப்ஆர் 192, காற்றையும் நைட்ரஜனையும் சோதனைக்கு ஏற்கிறது. அங்கே எல்லோரும் முட்டாள்களா?

கேஜ்_பார்ப்பவன்: அதே விதியில் அந்த அட்டவணையையும் பாருங்கள். காற்றில் சோதித்தால் குழாய்ச் சுவரில் வரும் தகைவு, ஆள் அதிகம் இல்லாத முதல் வகுப்பில் எஸ்எம்ஒய்எஸ்-இல் (குழாய் எஃகுக்குக் குறித்திருக்கும் குறைந்தபட்ச நெகிழ்வு வலிமை) 80 சதவீதம் வரை போகலாம். அடுக்குமாடிகள் நிறைந்த நான்காம் வகுப்பில் 40-க்கு மேல் கூடாது. ஆள் கூடக் கூட வரம்பு இறங்குகிறது. நம் யூனிட்டில் பைப் ராக்குக்கு (குழாய்களைத் தாங்கும் சட்டகம்) அடியில் எத்தனை பேர் நடமாடுகிறார்கள்?

வெல்டு_நோட்டம்: நடுவில் வருகிறேன். இன்ஸ்ட்ருமென்ட் ஏர் (கருவிகளை இயக்கும் காற்று), குளிர்பதன லைன், கிரையோஜெனிக் (கடுங்குளிர்) லைன் இவற்றில் ஈரம் நிற்கவே கூடாது. அங்கே காற்றோ நைட்ரஜனோதான் சரி. அதை நானும் எதிர்க்கவில்லை. ஆனால் செய்வதென்றால் முறையாகச் செய்யுங்கள். அழுத்தம் வடிவமைப்பு அழுத்தத்தின் 1.1 மடங்குக்குக் குறையாமலும் 1.33 மடங்கைத் தாண்டாமலும் இருக்கட்டும். அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் ரிலீஃப் வால்வு கட்டாயம் வேண்டும். முதலில் 1.7 பாரில் நிறுத்தி (சோதனை அழுத்தத்தில் பாதி அதைவிடக் குறைவு என்றால் அந்தப் பாதியில்) கசிவு பார்த்துவிட்டு, படிப்படியாக ஏற்ற வேண்டும். உலோகம் குளிர்ந்திருந்தால் கண்ணாடிபோல உடையும், ஆகவே வெப்பநிலையையும் பாருங்கள். அழுத்தம் இருக்கும்போது ஒருவரும் போல்ட்டைத் தொடக் கூடாது. அழுத்தக் கலன், குழாய் பழுதுபார்ப்புக்கான ஏஎஸ்எம்இ பிசிசி-2 கணக்குப்படி வரும் பாதுகாப்புத் தூரத்துக்குள் ஆள் கூடாது.

தெற்குக்காற்று: சரி, அந்தத் தூரத்தைக் காலி செய்கிறோம், பகுதி பகுதியாகப் பிரித்தும் சோதிக்கிறோம். ஒவ்வொன்றிலும் சக்தி குறைந்துவிடுமே. அப்புறம் என்ன ஆட்சேபம்?

கேஜ்_பார்ப்பவன்: பிரித்தால் குறையும், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் பிளைண்ட் போட வேண்டும், ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டும். நீங்கள் சொன்ன நாள் மிச்சம் அங்கேயே கரைந்துவிடும். அதற்குப் பதில் தற்காலிக சப்போர்ட் கொடுத்துத் தண்ணீரிலேயே முடிக்கலாமே? பைப்பிங்காரன், ராக் டிசைனில் ஹைட்ரோ டெஸ்ட் சுமையைச் சேர்த்திருக்கிறார்களா என்று சிவில் ஆட்களிடம் முதலில் கேளுங்கள். பெரும்பாலும் சேர்த்திருப்பார்கள்.

பைப்பிங்காரன்: கேட்கிறேன். அதுவரை கம்ப்ரஸரை இணைக்க வேண்டாம் என்று ஒப்பந்தக்காரருக்கு எழுதிவிட்டேன்.