ஆலைக் குளத்து கேஸும் வெயிலும்

(மலேசியாவுல தெலுக் இந்தான் பக்கம் செம்பனைத் தோட்டத்துக் குடும்பக் குழு)

பெரியப்பா: கவிதா, கரியமிலவாயு மேல வெளிச்சம் அடிச்சு மீத்தேன், அதான் எரியிற கேஸ், ஆக்குறாங்களாமே, நெசமா மா? நம்ம செம்பனை எண்ணெய் ஆலையோட கழிவுத் தண்ணிக் குளத்துல கொப்பளிக்கிறதும் மீத்தேன்தானே?

கவிதா: நெசம்தான் பெரியப்பா. எங்க லேப்லயும் அதான் செய்றோம். வெளிச்சம் மட்டும் பத்தாது, வினையூக்கி வேணும், அதாவது வினையை வேகமாக்குற பொருள். டைட்டானியம் டையாக்சைடு, வெள்ளை பெயிண்ட்ல கலக்குற பவுடர். ஸ்டீல் டப்பாவுக்குள்ள அதைத் தடவி, மேல குவார்ட்ஸ் கண்ணாடி போட்டு மூடி, விளக்கை அடிப்போம். அப்பப்ப ஊசியில கேஸை இழுத்து மெஷின்ல ஏத்தி, மீத்தேன் வந்திருக்கான்னு பார்ப்போம்.

தேவி சித்தி: காலை வணக்கம். பெயிண்ட் பவுடரா!

கவிதா: ஆமா சித்தி. வெளிச்சம் பட்டா அதுல எலெக்ட்ரான் கிளம்பும். 1972-ல புஜிஷிமா, ஹோண்டான்னு ரெண்டு ஜப்பான் விஞ்ஞானிங்க இதை வெச்சுத்தான் தண்ணியைப் பிரிச்சாங்க. ஆனா ஒரு மூலக்கூறு மீத்தேன் ஆக 8 எலெக்ட்ரான் போய்ச் சேரணும். பாதியில நின்னா கார்பன் மோனாக்சைடு, விஷ வாயு.

பெரியப்பா: நம்ம ஊரு வெயிலுக்கு ஜோரா ஓடுமே.

கவிதா: அந்தப் பவுடர் புற ஊதாக் கதிரை மட்டும்தான் இழுக்கும். வெயில்ல அது 5% போல. அதான் உலோகத் துகளையும் பார்க்கிறாங்க. 2017-ல அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துல ரோடியம்ங்கிற உலோகத் துகள் மேல புற ஊதா வெளிச்சம் அடிச்சாங்க. சூடு மட்டும் குடுத்தப்ப மீத்தேனும் கார்பன் மோனாக்சைடும் ஏறக்குறைய சரிபாதி. வெளிச்சம் விழுந்ததும் பெரும்பாலும் மீத்தேன்தான்! எனக்கு இந்தத் துறையில பிடிச்சதே அந்த இடம்தான்.

குமரன்: ரோடியம் விலை தாங்காது கா.

கவிதா: அதான் தம்பி நிக்கல் பக்கம் போறாங்க. கரியமிலவாயுவையும் ஹைட்ரஜனையும் சேர்த்து மீத்தேன் ஆக்குற பழைய வழியிலயும், 1912-ல நோபல் வாங்கின பிரெஞ்சு விஞ்ஞானி சபாத்தியேவோட வழி, நிக்கல்தான், ஆனா 300, 400 டிகிரி சூடு வேணும். வெளிச்சம் சேர்ந்தா சூட்டைக் குறைக்கலாம்.

பெரியப்பா: வெறும் கரியமிலவாயுல மீத்தேன் வராதே. ஹைட்ரஜன் எங்கேருந்து மா?

கவிதா: கரெக்டா பிடிச்சீங்க. ஒரு பங்குக்கு நாலு பங்கு ஹைட்ரஜன் வேணும். அதை இயற்கை எரிவாயுல இருந்து எடுத்தா, அங்க மறுபடி கரியமிலவாயு வெளிய போகும். சோலார் கரண்ட்டை வெச்சு தண்ணியில இருந்து எடுத்தாதான் அர்த்தம்.

தேவி சித்தி: இந்த மீத்தேனை நம்ம வீட்டு கேஸ் தோங்ல (சிலிண்டர்ல) அடைக்கலாமா?

கவிதா: முடியாது சித்தி. தோங்ல இருக்கிறது புரோப்பேன், பியூட்டேன், அழுத்தினாலே திரவமாகிடும். மீத்தேனை திரவமாக்க மைனஸ் 161 டிகிரிக்குக் குளிர வைக்கணும். ஆலை ஜெனரேட்டருக்குத்தான் சரி.

பெரியப்பா: பாய்லர்ல நிக்கிறப்ப அந்தக் குளத்து நாத்தத்தோடவே வேலை செஞ்சோம். அவ்வளவும் காத்துலயே போச்சு.

கவிதா: மனசு ஆறாது பெரியப்பா. திறந்து விட்ட மீத்தேன் 100 வருஷக் கணக்குல கரியமிலவாயுவை விட 28 மடங்கு சூடேத்தும். குளத்தை மூடிப் பிடிச்சா, அதுல பாதிக்கு மேல மீத்தேன், மிச்சம் பெரும்பாலும் கரியமிலவாயு. எங்க டப்பாவுக்குத் தேவையானது அந்த மிச்சம்தான். ஆனா முதல்ல மூடி போடணும், அதுக்கு எங்க ஆராய்ச்சி முடியற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

குமரன்: அக்கா, இதைத் தமிழ்ல ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. ஞாயித்துக்கிழமை கோயில் கூட்டத்துல ஆலை ஆளுங்களும் வருவாங்க, நான் படிக்கிறேன்.

கவிதா: இன்னைக்கு ராத்திரியே அனுப்புறேன் தம்பி.