காஞ்சிபுரம் பட்டுச் சேலைக்கு அமெரிக்கச் சுங்க வரி: விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நியூஜெர்சியில் வசிக்கிறேன். தை மாதம் நடக்கவிருக்கும் அக்கா மகள் கல்யாணத்துக்காகக் காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவரிடம் நேரடியாகப் பட்டுச் சேலை வாங்கினேன். விலை 26,000 ரூபாய். அதில் பாதிக்கும் மேலான தொகையைக் கட்டினால்தான் பார்சலைத் தருவோம் என்கிறது கூரியர் நிறுவனம்.

முன்பெல்லாம் 800 டாலர் வரையிலான பார்சலுக்கு வரி கிடையாது. 2025 ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகை இல்லை. அதே வாரம் இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரியும் 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. சட்டப்படியான வரியைக் கட்ட நான் தயார். ஆனால் பில்லைப் பார்த்தால் குழப்பமாக இருக்கிறது. தைக்காத சேலையைத் 'தைத்த பெண்கள் உடை' என்று குறித்திருக்கிறார்கள். வரிக்குக் கீழே தரகுக் கட்டணம் (சுங்க வேலையை முடித்துத் தருவதற்கு), முன்பணக் கட்டணம் (நமக்காக வரியை முன்கூட்டியே கட்டுவதற்கு) என்று தனித்தனியாக இரண்டு கட்டணங்கள் வேறு. வகையைத் திருத்தச் சொல்லிக் கேட்டால் வரி குறையுமா? யாரிடம் கேட்க வேண்டும்? அந்த இரண்டு கட்டணங்களும் நியாயமானவைதானா?

பரிசு என்று எழுதி அனுப்பியிருக்கலாமே என்றார் ஒருவர். பரிசுக்கான வரிவிலக்கு 100 டாலர் வரைதான். தவிர, காசு கொடுத்து வாங்கியதைப் பரிசு என்று பொய்யாக எழுதவைத்து நெசவாளரைச் சிக்கலில் மாட்டிவிட எனக்கு மனமில்லை.

பார்சலை வாங்க மறுத்தால் திருப்பி அனுப்பும் செலவு நெசவாளர் தலையில் விழுமா? இதுதான் என் பெரிய கவலை. இப்படிப் பில் வந்து திருத்தி வாங்கியவர்கள் யாராவது இருந்தால், என்னென்ன ஆவணங்கள் கொடுத்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும்.