ஈஸ்ட் வாக்குவோல் இணைவு: மஞ்சள் நிறமே வரவில்லை, அவசரம்

புளித்தமாவு:
மூன்று வாரமாக இதே கதை. இரண்டு ஈஸ்ட் வகையிலிருந்து, செல்லுக்குள் பை போல இருக்கும் வாக்குவோலை ஃபிகால் என்ற அடர்த்தியான கரைசலில் மிதக்கவிட்டு எடுக்கிறேன், வெள்ளை வளையம் அழகாகத்தான் வருகிறது. இரண்டையும் கலந்து 27 டிகிரியில் 90 நிமிடம் வைத்து, இணைந்திருந்தால் மஞ்சளாக வேண்டிய பாரா நைட்ரோஃபீனைல் பாஸ்பேட் சேர்த்தால் வெறும் தண்ணீர் மாதிரி நிற்கிறது. வெள்ளிக்கிழமை கைடிடம் காட்டணும். எங்கே தப்பு?

நொதிக்காரன்:
எந்த இரண்டு ஈஸ்ட் வகை? ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) போட்டீர்களா? அன்றே பிரித்ததா, உறையவைத்ததா?

குளிர்பெட்டி:
கேட்கவே வேண்டாம், ஏடிபிதான். அதைத் தீராமல் வைக்கும் கிரியேட்டின் பாஸ்பேட், கைனேஸ் எல்லாம் புதிதாகக் கலக்குங்கள்.

பழையபிப்பெட்:
அடிப்படை தெரியாமல் சோதனையில் இறங்கினால் இப்படித்தான். செக்18 என்ற புரதம் ஏடிபியை எரித்துத்தான் இரண்டு சவ்வையும் இணைக்கிறது. முதலில் அதைப் படியுங்கள்.

நொதிக்காரன்:
அண்ணா, அது 1996க்கு முந்தைய கதை. செக்18 செய்வது ஒரே சவ்வில் சிக்கிக் கிடக்கும் ஸ்னேர் (சவ்வுகளை இணைக்கும் புரதங்கள்) முடிச்சை அவிழ்ப்பது. வாக்குவோல்கள் ஒன்றையொன்று தொடுவதற்கு முன்பே அந்த வேலை முடிந்துவிடலாம் என்று வாக்குவோல் இணைவை ஆராய்ந்த விக்னர் ஆய்வகம் காட்டிவிட்டது. அப்புறம் சவ்வில் இருக்கும் வைபிடி7 என்ற புரதத்தைப் பிடித்து, ஹாப்ஸ் என்ற புரதக் கூட்டு இரண்டு வாக்குவோலையும் கட்டி நிறுத்தும். இந்தப் பக்கத்து ஸ்னேரும் அந்தப் பக்கத்து ஸ்னேரும் முறுக்கிக்கொண்டால்தான் இணைவு.

பழையபிப்பெட்:
1996லேயே நின்றுவிட்டீர்களா தம்பி? செக்18, அதன் துணைப் புரதம் செக்17 இரண்டும் கடைசிக் கட்டத்திலும் கைகொடுக்கின்றன. பிந்தைய ஆய்வுகளைப் பாருங்கள்.

குளிர்பெட்டி:
ஹாப்ஸ் வெறும் கயிறு மாதிரி பேசுகிறீர்கள். அதில் இருக்கும் விபிஎஸ்33தான் ஸ்னேர்களைப் பிடித்து நேராக அடுக்கிக் கொடுக்கிறது.

கஞ்சித்தண்ணி:
சண்டை இருக்கட்டும், கேட்டவர் எங்கே? எந்த வகை என்று இன்னும் சொல்லவில்லையே. ஒன்றில் பெப்4 (புரதத்தை நறுக்கும் நொதி) இருக்கக்கூடாது, மற்றதில் ஃபோ8 (மஞ்சள் நிறம் தரும் நொதி) இருக்கக்கூடாது. உள்ளிருப்பது கலந்தால்தான் பெப்4 போய் ஃபோ8இன் வாலை நறுக்கும், நறுக்கினால்தான் மஞ்சள்.

புளித்தமாவு (நான்கு நாள் கழித்து):
மன்னிக்கவும், லேபில் மாட்டிக்கொண்டேன். உறைபெட்டியில் ஒரு குப்பியின் மார்க்கர் எழுத்து அழிந்திருந்தது. ஃபோ8 இல்லாத டிகேஒய்6281 வகை என்று நினைத்து எடுத்ததும், மற்ற குப்பியில் இருந்த அதே பிஜே3505 வகைதான். பிசிஆரில் தெரிந்துவிட்டது, இரண்டிலுமே பெப்4 இல்லை. வாக்குவோல்கள் இணைந்துகூட இருந்திருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை. நன்றி.

குளிர்பெட்டி:
எதற்கும் ஏடிபியையும் மாற்றிவிடுங்கள்.