ஆர்க்-மோடு: அட்டவணைக்குப் பெயர் வைத்தும் பைத்தான் பிளாக் கண்டுகொள்ளவில்லை

கேள்வி:
வணக்கம். அறையில் நான்கு பேர் சேர்ந்து சமைக்கிறோம். மாதச் செலவை ஈமேக்ஸ் எடிட்டரில் ஒரு ஆர்க் கோப்பில் (குறிப்பு, அட்டவணை, நிரல் எல்லாம் சேர்ந்திருக்கும் உரைக் கோப்பு) அட்டவணையாகப் போட்டு வருகிறேன்: நாள், பொருள், ரூபாய். கடைசியில் ஒரு கோடு, அதற்கடியில் மொத்தம். அதே கோப்பில் இருக்கும் பைத்தான் பிளாக் (நிரல் துண்டு) ஆளுக்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டும். தொகைகளை மறுபடி தட்ட மனமில்லை.

அட்டவணைக்கு மேலே #+நேம்: செலவு, பிளாக்கின் தலைவரியில் :வார் த=செலவு (அட்டவணையை த என்ற மாறியாக நிரலுக்குக் கொடு) என்று கொடுத்தேன் (கோப்பில் கட்டளைகள் ஆங்கிலத்தில்தான்). ஓடவிட்டால், இந்த பஃபரில் (திறந்திருக்கும் கோப்பில்) அப்படி ஒரு பெயரே இல்லை என்கிறது. கண்ணெதிரே இருக்கிறதே!

பதில்:
பெயர் வரிக்கும் அட்டவணைக்கும் நடுவே வெற்று வரி இருக்கிறதா? இருந்தால் எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒட்டியிருந்தால்தான் பெயர் அட்டவணையைச் சேரும்.

கேட்டவர்:
அதேதான்! அழகுக்காக விட்ட இடைவெளி. இப்போது ஓடுகிறது, ஆனால் எண்ணோடு சரத்தை (எழுத்துகளாக எடுத்துக்கொண்ட மதிப்பை) கூட்ட முடியாது என்று பைத்தான் திட்டுகிறது.

பதில்:
எங்காவது 1,250 என்று காற்புள்ளி போட்டிருப்பீர்கள். 1250 என்றால் எண்ணாகப் போகும். காற்புள்ளி இருந்தால் சரம்தான்.

கேட்டவர்:
அரிசி வாங்கிய வரி. சரிசெய்துவிட்டேன். இப்போது கச்சிதமாக இரண்டு மடங்கு வருகிறது. இதைக் காட்டினால் அறையில் அடிதான் விழும்.

இன்னொரு பதில்:
மொத்தம் வரியும் சேர்ந்து கூட்டப்படுகிறது. தலைப்புக்குக் கீழே கோடு இருந்தால் தலைப்பை ஆர்க் தானே கழற்றிவிடும். கடைசி வரி மொத்தம் என்று அதற்கு எப்படித் தெரியும்? வேண்டிய துண்டை மட்டும் கேளுங்கள்:

:வார் த=செலவு[2:-3,2]

இப்படித் துண்டாகக் கேட்கும்போது கோடுகளும் வரிகளாகவே எண்ணப்படும், தலைப்பும் கழன்றிருக்காது. 0 தலைப்பு, 1 கோடு, ஆகவே 2-இல் தொடக்கம். பின்னாலிருந்து -1 மொத்தம், -2 கோடு, -3 கடைசிச் செலவு. பைத்தானில் பழகிய கை -2 என்று போடும்; ஆர்க்கில் முடிவு எண்ணும் உள்ளடங்கும் என்பதால் கோடும் கூட வந்துவிடும். நானே ஒரு மாலை முழுக்க இதில் மாட்டியிருக்கிறேன். காற்புள்ளிக்குப் பின்னுள்ள 2 ரூபாய்ப் பத்தி (பத்திகளும் 0-இலிருந்துதான்). இனி த என்பது வெறும் எண்களின் பட்டியல். அப்படியே கூட்டி 4-ஆல் வகுக்கலாம்.

கேட்டவர்:
சரியாக வந்துவிட்டது. மாதத்துக்கு ஒரு கோப்பாகப் பிரித்தால்?

இன்னொரு பதில்:
பெயருக்கு முன்னால் கோப்பின் பெயரும் முக்காற்புள்ளியும் சேருங்கள்: ஜூன்.ஆர்க்:செலவு.