வெளிநாட்டிலிருந்து வெறுங்கையோடு வந்தவன், கர்த்தரின் பார்வையில் நான் யார்?

பாலையூற்றுப் பெடியன்:
எனக்கு 29 வயது. கட்டாரில் நாலு வருடம் கட்டட வேலை, வந்து எட்டு மாதம் ஆகிறது. ஏஜென்சிக் கடன், தங்கச்சியின் கல்யாணம், அம்மாவின் ஒப்பரேஷன் எல்லாம் முடிய கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. மார்க்கெட்டுக்குப் போனாலும் கோயில் வாசலில் நின்றாலும் ஒரே கேள்விதான், "வீடு கட்டவில்லையா தம்பி, திரும்பப் போகவில்லையா?" அங்கே சூப்பர்வைசர் நாலு வருடமும் என்னை அட்டை இலக்கம் சொல்லித்தான் கூப்பிட்டார், இங்கே வந்தால் "அந்த வெளிநாட்டிலிருந்து சும்மா வந்த பெடியன்" என்கிறார்கள். வாலிபர் கூட்டத்தில் "நீ தேவனுடைய பிள்ளை, விலையேறப்பெற்றவன்" என்று சொல்லும்போது ஆமென் சொல்கிறேன், கண்ணீரும் வருகிறது. ஆனால் திங்கட்கிழமை பஸ் ஸ்ராண்டில் தெரிந்தவர் யாரையாவது கண்டால் தலை தானாகக் குனிந்துவிடுகிறது. இது உங்களில் யாருக்காவது உண்மையாகவே உள்ளே இறங்கியதா? எப்படி இறங்கியது? தயவுசெய்து வசனத்தை மட்டும் அனுப்பாதீர்கள், வசனம் எனக்கும் தெரியும்.

உவர்மலை அக்கா:
தம்பி, வசனம் வேண்டாம் என்கிறாய், சரி, ஆனால் இலக்கம் என்று எழுதினாயே, அதைப் படித்த பிறகு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1990இல் எனக்கு ஒன்பது வயது. ஊரை விட்டு ஓடி வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம், நிவாரண அட்டையின் இலக்கத்தைக் கூப்பிட்டுத்தான் அரிசி, பருப்பு கொடுப்பார்கள், அப்பா அந்த வரிசையில் நிற்கும்போது அவருக்கு யாரும் பெயர் சொன்னது கிடையாது. ஆனால் ஒவ்வொரு நாள் பின்னேரமும் அம்மா எங்கள் ஐந்து பேரின் பெயரையும் ஞானஸ்நானப் பெயரோடு முழுசாகச் சொல்லி ஜெபம் பண்ணுவார். "உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்" என்ற ஏசாயா 43ஐ அவர் அப்போதுதான் எங்களுக்குப் பாடமாக்கினார். அந்த வார்த்தை சொந்த வீட்டில் வசதியாக இருந்த சனத்துக்குச் சொல்லப்பட்டதில்லை, எருசலேம் இடிந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட சனத்துக்குச் சொல்லப்பட்டது, காணி, ஆலயம், ராஜா ஒன்றும் மிச்சமில்லாத ஆட்களுக்கு. பெரியவளான பிறகுதான் எனக்கு அது விளங்கியது.

இன்னொன்று. இயேசு யோர்தான் ஆற்றில் ஞானஸ்நானம் எடுத்து வர, "நீர் என்னுடைய நேசகுமாரன்" என்று பிதா சொன்ன நேரம், மாற்குவைப் பார், இயேசு அதுவரை ஒருவரையும் சுகமாக்கவில்லை, ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. வேலைக்கு முதலே பிரியம். அடுத்து, மத்தேயுவைப் பார், வனாந்தரத்தில் பிசாசு எதில் கை வைத்தான்? "நீர் தேவனுடைய குமாரனேயானால் கல்லை அப்பமாக்கிக் காட்டும்" என்று அந்த 'குமாரன்' என்ற சொல்லில்தான். வீடு கட்டிக் காட்டு, அப்பதான் நீ ஆள் என்று ஊர் சொல்வதும் எனக்கு அந்தக் குரல் மாதிரியே கேட்கிறது. இயேசு அங்கே ஒன்றையும் செய்து காட்டவில்லை தம்பி.

வள்ளக்காரன்:
நான் கத்தோலிக்கன், அக்கா அளவுக்கு எழுத வராது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் என்னுடைய வள்ளமும் எஞ்சினும் வலையும் ஒரே காலையில் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் தப்பினோம், அதற்கு நன்றி சொல்லாமல் ஒரு வருடம் யாரோடும் கதைக்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வள்ளம் இருந்தால்தான் நான் முதலாளி, இல்லாவிட்டால் இன்னொருவன் வலை இழுக்கக் கூலிக்கு நிற்கிறவன், அந்த நினைப்பு என்னைத் தின்றது.

பூசையில் ஒருநாள் யோவான் 21 வாசித்தார்கள். பேதுரு, எங்கள் அம்மம்மா இராயப்பர் என்றுதான் சொல்வார், அவரும் மற்றவர்களும் இராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் படவில்லை. தொழில் தெரிந்தவனுக்கு வெறும் வள்ளத்தோடு கரைக்கு வருவது எவ்வளவு வெட்கம் என்று எனக்குத் தெரியும். பிறகு ஆண்டவர் சொன்னபடி போட்டு 153 மீன் பட்டது, அதைத்தான் எல்லோரும் பிரசங்கத்தில் சொல்வார்கள். நான் பிடித்துக்கொண்டது வேறு. அவர்கள் கரைக்கு இறங்கும்போது, அந்த மீனை இழுத்துக் கரையேற்றுவதற்கு முதலே, அங்கே தணலும் அதன்மேல் மீனும் அப்பமும் இருந்தது. சாப்பாடு ஏற்கெனவே ஆயத்தம். சாப்பிட்ட பிறகு பேதுருவிடம் என்ன கேட்டார்? மூன்று தரமும் "என்னை நேசிக்கிறாயா" என்றுதான் கேட்டார். முன்பு பேதுரு அவரைத் தெரியாது என்று மறுதலித்த கதையை எடுக்கவில்லை, எத்தனை மீன் என்றும் கேட்கவில்லை. அன்று பூசை முடிய வெளியே வந்து நெடுநேரம் அழுதேன். அடுத்த கிழமை கூலிக்குப் போனேன், தலை நிமிர்ந்துதான் போனேன். பயம் முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், அதற்கு வருடங்கள் எடுத்தது.

லிங்கநகர் தங்கச்சி:
அண்ணா, குற்றம் உங்களில் மட்டும் இல்லை. எங்கள் சபைகளும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். விசா கிடைத்தவர், வீடு முடித்தவர், பிள்ளை கம்பசுக்கு எடுபட்டவர்தான் சாட்சி சொல்ல மைக்குக்கு அழைக்கப்படுகிறார்கள். தங்கச்சியைக் கட்டிக் கொடுத்து, அம்மாவுக்கு வைத்தியம் பார்த்து, கடனும் கட்டிய ஒருவரை ஏன் யாரும் கூப்பிடவில்லை? நீங்கள் வெறுங்கையோடு வந்ததாக எழுதியிருப்பது எனக்குச் சரியான கவலையாக இருந்தது. ஏ.எல். (உயர்தரப்) பரீட்சை மூன்றாம் தரமும் சரிவராதபோது நானும் ஆராதனைக்குப் போகாமல் விட்டேன். ஒரு அன்ரி வீட்டுக்கு வந்து ரிசல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் என்னோடு இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார், அப்படி நாலைந்து தரம். தேவன் என்னை எப்படிப் பார்க்கிறார் என்பது அந்த அன்ரி பார்த்த விதத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. அதனால் தனியே இருந்து யோசித்துக்கொண்டே இருக்காதீர்கள். நித்திரை வராமல், சாப்பாடு இறங்காமல் இருந்தால் வைத்தியரிடமும் போங்கள், 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்தால் கதைக்க ஆட்கள் இருக்கிறார்கள், அது விசுவாசக் குறைவு இல்லை.

பாலையூற்றுப் பெடியன்:
மூன்று பேருக்கும் நன்றி. நித்திரை உண்மையில் சரியில்லை, அதைப் பார்க்கிறேன் தங்கச்சி. தணல் ஏற்கெனவே இருந்தது என்பதை இவ்வளவு காலம் வாசித்தும் நான் கவனித்ததே இல்லை. நேற்று இரவு அம்மாவிடம் என்னுடைய பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணச் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை, ஞானஸ்நானப் பெயரோடு சேர்த்துச் சொன்னார். வள்ளக்கார அண்ணா, நீங்கள் எந்தக் கரையில் இருக்கிறீர்கள், ஒருநாள் காலையில் வரலாமா?

வள்ளக்காரன்:
உப்புவெளிப் பக்கம். ஆறு மணிக்கு முதல் வா தம்பி, வலை இழுக்க ஆளும் வேண்டும்.